கண்ணாடிப் பெட்டிக்குள் லாச்சுவின் சீர்ப்பை

லாச்சுவைப் பற்றிப் பேச உனக்கு என்னடி யோக்கியதை இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் பதில் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் சோமாவாண்டில் எல்லோருக்கும் பதில் கொடுத்தே பழகிய வாய் இது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூடிக்கொள்ளும். ஆனாலும் நானே சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துப் பாதியை மழுப்பிவிடுவார்கள்.

லாச்சு என் ஓரகத்தி. என் கொழுந்தன் தேவ்ஷியின் பெண்டாட்டி. ஆடும் ஒட்டகமும் மேய்க்கிற எங்கள் ரபாரி சாதியில் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் முடிந்துவிடும். ஆனால் சீர் முழுக்கத் தைத்து முடிக்காமல் அவள் புருஷன் வீட்டுக்கு வர முடியாது. பாவாடை, ரவிக்கை, தோரணம், எல்லாம் கண்ணாடி பதித்து அவள் கையாலேயே தைக்க வேண்டும். கடைசியில் அவ்வளவையும் போட்டுக் கட்டுகிற சீர்ப்பை. ஆள் இடுப்புயரம் இருக்கும். லாச்சு தன் அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் பையை மட்டும் நாலு வருஷம் தைத்தாள்.

1984இல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அன்று தெருப் பெண்கள் எல்லாம் கூடி அவள் சீரைப் பிரித்துப் பார்த்தோம். எங்கள் ஆட்கள் தையலின் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். புரட்டிப் போட்டு முதுகைத்தான் பார்ப்பார்கள். எங்கே நூல் தொங்குகிறது, எங்கே அவசரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறாள், எல்லாம் முதுகில் தெரிந்துவிடும். அன்று அந்தப் பையைப் பார்த்து என் மாமியார் வாயைத் திறக்கவில்லை. என் மாமியார் குறை சொல்லாமல் இருந்தாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று எங்கள் ஊருக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. என் பை அதற்குப் பக்கத்தில் கோணிச் சாக்கு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பை காணாமல் போயிற்று. உள்ளே இருந்த துணியெல்லாம் மூலையில் அப்படியே குவிந்து கிடந்தது. பையை மட்டும் காணோம். முந்தின நாள்தான் லாச்சுவின் தம்பி ஒட்டகத்தோடு வந்து, ராத்தங்கி, விடிந்ததும் போயிருந்தான். அப்புறம் என்ன, கணக்குப் போட ஊருக்கு நேரமா ஆகும்? இவள் தன் தங்கையின் சீருக்காகப் பையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். ஒரு தரம் புருஷன் வீட்டுக்கு வந்த சீரைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது எங்களிடம் திருட்டு. சாதாரணத் திருட்டு இல்லை, புகுந்த வீட்டின் மூஞ்சியில் துப்புகிற திருட்டு.

"நான் எடுக்கல. யாருக்கும் குடுக்கல" என்றாள் லாச்சு. மோமாய் மாதா கோயில் விளக்கைக் கையில் ஏந்தியும் அதையே சொன்னாள். பொய்ச் சத்தியம் வேறு செய்கிறாள் என்றார்கள். அப்படி முதலில் சொன்னவள் யார் என்றால், நான். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். இவள் கை இனிமேல் எந்தப் பெண்ணின் சீரையும் தொடக் கூடாது. கேட்கிறவர்களுக்கு இது சின்னத் தண்டனையாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு பெண்ணை அனுப்புகிறபோது தெருவே ஒரு வீட்டுக்குள் கூடும். சீரை அடுக்கிப் பையில் வைத்து, பாடி, சிரித்து, கடைசியில் பையின் வாயைப் பெற்றவள் முடிச்சுப் போட வேண்டும். தாய் போடுகிற முடிச்சு அது. லாச்சுவுக்கு மூன்று பெண்கள். மூத்தவர்கள் இரண்டு பேர் போனபோதும் அவள் வெளியே ஆட்டுப் பட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் பெண்களின் பையை முடிச்சுப் போட்டவள் பெரியம்மா என்ற முறையில் நான்தான். இப்போது கடைக்குட்டி ஹீருவின் முறை. எங்கள் சாதியில் அந்தச் சடங்கெல்லாம் கோகுலாஷ்டமி அன்றுதான்.

லாச்சு அழுது நான் பார்த்ததில்லை. மந்தையோடு ஆண்கள் எட்டு மாதம் வெளியூர் போகிறபோது அவளும் போவாள். ஒட்டகத்தின் மேல் கட்டில், கட்டிலுக்குள் குழந்தை, முன்னால் இவள் நடப்பாள். கம்பளி வியாபாரி எடையில் கை வைத்தால் தராசையே பிடுங்கி வீசுவாள். 2001 பூகம்பத்தில் தேவ்ஷி சுவருக்கு அடியில் போய்விட்டான். அவனைப் பிணமாகக் கையாலேயே தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் யாரோ முனகுகிறார்கள் என்று அங்கேயும் தோண்டப் போனாள். அந்த அடுத்த வீடு என் வீடு. முனகியது நான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கழித்து அவள் பெண்ணின் சடங்கில், "நீ வெளிய உக்காரு லாச்சு" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாட்டுப் பாடினேன். என்னை என்ன செய்தால் தகும்?

முதல் பத்து வருஷம், சண்டை வந்தால் போதும், "நான் எடுக்கல" என்று கத்துவாள். பிறகு எங்கள் சாதிப் பஞ்சாயத்தே, சீர் தைத்துத் தைத்துப் பெண்கள் முப்பது வயது வரை பிறந்த வீட்டில் கிடக்கிறார்கள் என்று தையலுக்குத் தடை போட்டது. அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் வாகா எழுந்து நின்று, "இந்தத் தையல்தான் நம்ம குடும்பத்துக்குள்ள திருட்டைக் கொண்டுவந்துச்சு" என்று பேசினார். எல்லோரும் லாச்சுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன ஆவணியில் தெருப் பெண்கள் பதினாலு பேர் பஸ் பிடித்து ரவேச்சி மாதா கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும் வழியில் ராயாசர் ஊரில் டிரைவர் சாப்பிட இறங்கினான். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே பழைய அரண்மனை. அதை அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். உள்ளே காற்றாடி ஓடுகிறது என்று பல்லுப்போன ரூடிபென் கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்காகவே சீட்டு வாங்கிக்கொண்டு போனோம்.

ராஜா தூங்கிய கட்டில், ராஜா சுட்ட சிறுத்தை, ராஜாவின் செருப்பு. எச்சில் துப்பிய கிண்ணத்தைக்கூட வெல்வெட் துணியின் மேல் வைத்திருந்தார்கள். "எங்க வீட்டுக்காரர் துப்புறதுக்கு நான் திட்டுறேன், இங்க பாரு மரியாதையை" என்றாள் ரூடிபென். அடுத்த கூடத்தில் நாட்டுப்புறக் கலை என்று எங்களையெல்லாம் பொம்மையாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள். ரபாரிப் பெண் என்று ஒரு பிளாஸ்டர் பொம்மை. வெள்ளைக்காரி நிறம், உதட்டில் சாயம். ரவிக்கை கல்யாணமாகாத பெண் போடுவது, முக்காடு தாலியறுத்தவள் போடுவது.

"ஏண்டி சஜ்னு, இவ புருஷன் செத்துட்டானா, இல்ல இன்னும் பொறக்கவே இல்லையா?" என்று ரூடிபென் என்னைக் கேட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்தார். சித்திக்பாய் என்று பெயர், அறுபதைத் தாண்டியவர். "அம்மா, கொஞ்சம் மெதுவா. மேல சாகேப் இருக்காரு" என்று கெஞ்சினார். அகமதாபாத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி ரூடிபென்னைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போனை நீட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்களும் சீட்டு வாங்கித்தான் வந்திருக்கோம். எங்களைக் கண்ணாடிக்குள்ள போட்டு மூடின அப்புறம் படம் எடுங்க" என்றேன்.

மாடியில் ராணியின் அறை. அங்கே அருங்காட்சியகத்துக்கு அதிகாரியான அஞ்சாரியா சாகேப் அந்தக் கணவன் மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மூக்குக்கண்ணாடி. பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் பலகையில் அடித்து ஒரு தையல் துணி தொங்கியது.

"இது மகாராணி பல்லக்குல கோயிலுக்குப் போறப்ப கட்டின திரை. நூத்திமுப்பது வருஷம் ஆச்சு. அரண்மனைப் பெண்கள் தைச்சது."

லாச்சு எங்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது என் பை."

இங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிட்டே போய் ஒரு பார்வையாவது பார்த்திருக்க வேண்டாமா? நான் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இத்தனை வருஷம் கழிச்சு, ராணி திருடிட்டான்னு சொல்லப் போறியா? வெக்கமா இல்ல? வாடி, பஸ் போயிடும்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வளையல் சதையில் பதிந்தது.

"முப்பத்தி நாலு வருஷம் நீ பேசினதை நான் கேட்டேன். இப்ப நீ கேளு. இங்க பாரு, தேள். எந்த ராணிடி பல்லக்குல தேளைத் தொங்கவிட்டுட்டுக் கோயிலுக்குப் போவா? இந்த மூலையில ஒட்டகம் இருக்கே, காலை எண்ணு."

எண்ணினேன். மூன்று கால். அன்று முதுகையே புரட்டிப் பார்த்த நாங்கள் ஒருவரும் இதை எண்ணவில்லை.

"கறுப்பு நூல் தீந்துபோச்சு. அஞ்சார் டவுனுக்கு நூல் வாங்கப் போன அப்பா உடனே திரும்பி வரல. அதுக்குள்ள நீங்க என்னை அழைச்சுட்டுப் போக நாள் குறிச்சுட்டீங்க. அந்தக் காலை வந்து தைச்சுக்கலாம்னு விட்டேன்."

அஞ்சாரியா சாகேப் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "அம்மா, அது குறை இல்ல. அந்தக் காலத்துக் கலை மரபு. ஒட்டகம் ஓடுதுங்கறதைக் காட்ட ஒரு காலை விட்டுட்டுத் தைக்கறது. நான் இதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேன்" என்றார்.

"நூல் இல்லாததுக்குக் கட்டுரையா?" என்றாள் லாச்சு. "சரி, ஐயா. இதைத் திருப்புங்க. பையோட அடிப்பக்கம் கனம் தாங்கறதுக்கு எங்கப்பா மாவுச் சாக்குத் துணி வெச்சுக் குடுத்தாரு. மில்லு முத்திரை அதுல இருக்கு. யானை. தலைகீழா நிக்கும்."

யானை! 1984இல் அந்தப் பையைப் புரட்டியபோது மாமியார் பேசாமல் இருந்தாள், நான்தான் பொறுக்க முடியாமல், "என்னம்மா, உங்க ஊர் யானை தலையாலதான் நடக்குமா?" என்று கேட்டேன். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்த லாச்சுவின் காது சிவந்தது. குறை சொல்ல வேறு ஒன்றும் கிடைக்காமல் நான் சொன்ன சொல் அது. அதை நான் எப்படி மறந்தேன்?

"திறங்கய்யா அந்தப் பெட்டியை" என்றேன்.

"முடியாதும்மா. விலை மதிக்க முடியாத பொருள். பின்பக்கம் பட்டுத் துணி. பட்டியல்ல நானே எழுதியிருக்கேன்."

"பாத்து எழுதுனீங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு முந்தி இருந்தவர் குறிப்பு அது. நான் வர்றதுக்கு முன்னாடியே பலகையில அடிச்சாச்சு" என்றார்.

"அப்ப பாக்காமயே கட்டுரை எழுதி, பாக்காமயே ராணி பேரை எழுதி, வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க. சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்களா?"

அவர் முகம் கறுத்தது. "சித்திக்பாய், இவங்களை வெளிய அனுப்புங்க" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ரூடிபென் உட்கார்ந்தாள். பதினாலு பெண்கள் கறுப்புக் கம்பளி முக்காட்டோடு ராணியின் அறையில் சம்மணம் போட்டோம். கீழே டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். அகமதாபாத்துக்காரர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை.

சித்திக்பாய் எங்களை வெளியே அனுப்பவில்லை. கதவருகே நின்றபடி, "சாகேப், அந்தப் பலகையில ஆணி அடிச்சது நான்தான். பின்னாடி பட்டு இல்ல, சாக்குதான்" என்றார்.

"அதை ஏன்யா இத்தனை வருஷம் சொல்லல?"

"அன்னைக்கே உங்களுக்கு முந்தி இருந்த பெரிய சாகேப்கிட்ட சொன்னேன். ராணி சாமானெல்லாம் வித்துப்போய் இந்த அறை காலியாக் கிடந்துச்சு, எதையாவது மாட்டணும்னாரு. 'உன் வேலை ஆணி அடிக்கறது'ன்னாரு. அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கல. நானும் வாயைத் திறக்கல."

அவரே போய்த் திருப்புளியைக் கொண்டுவந்தார். அஞ்சாரியா சாகேப் தடுக்கவில்லை, படம் எடுக்கிறார்களே! பெட்டி திறந்தது, ஆணிகள் வந்தன, துணியைப் புரட்டினார். பையின் பக்கத் தையலைப் பிரித்து விரித்துத்தான் திரையாக்கியிருந்தார்கள். அடிப்பக்கத்தில் பழுப்பேறிய சாக்குத் துணி. அதன் நடுவில், நீலம் வெளிறிப்போய், கால்கள் மேலே, தும்பிக்கை கீழே, யானை.

"அடி ஆத்தே, மகாராணி மாவு மில்லு வெச்சிருந்தாளா?" என்றாள் ரூடிபென். அறை அதிரச் சிரித்தார்கள். லாச்சு சிரிக்கவில்லை. அந்தப் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதை யாரு இங்க கொண்டுவந்து குடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அஞ்சாரியா சாகேப்புக்குத் தன் மேல் திருட்டுப் பழி வந்துவிடுமோ என்று பதற்றம். "நாங்க திருடல! முறையா வாங்கினது. பதிவு இருக்கு" என்று கீழே ஓடித் தூசி படிந்த நோட்டோடு வந்தார். பலகையின் பின்னால் இருந்த எண்ணை வைத்து விரலால் வரியைத் தேடிச் சத்தமாகப் படித்தார்.

"1984, தீபாவளிக்கு முந்தின வாரம். கொண்டுவந்தவர் ரபாரி வாகா நாதா, சோமாவாண்ட் கிராமம். கைநாட்டு. கொடுத்த தொகை..."

"போதும், நிறுத்துங்க" என்றேன்.

வாகா நாதா. என் வீட்டுக்காரர்.

மற்றவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். லாச்சு என் காலைப் பார்த்தாள். என் காலில் இருந்த வெள்ளித் தண்டை அந்த வருஷத் தீபாவளிக்கு வந்தது. புது ஓரகத்தியின் தண்டை என்னுடையதைவிடக் கனம் என்று அவள் வந்து இறங்கிய ராத்திரியிலிருந்தே அவரைத் தூங்கவிடாமல் நச்சரித்தேன். கம்பளி நல்ல விலைக்குப் போச்சு என்று சொல்லி வாங்கிவந்து போட்டுவிட்டார். முப்பத்தி நாலு வருஷம் அதைப் போட்டுக்கொண்டு, அது சத்தம் போடப் போட, அவள் முன்னாலேயே நடந்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

"இது உங்க கையால செஞ்சதுன்னு கடுதாசி குடுத்தீங்கன்னா, இதைத் திருப்பித் தரச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கேக்கறேன்" என்று அஞ்சாரியா சாகேப் இப்போது தேனாகப் பேசினார். லாச்சு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிழிச்சு விரிச்சுட்டீங்க. இனி அது பை இல்ல. அதுல என்னத்தைப் போட்டுக் கட்டுறது? நீங்களே வெச்சுக்குங்க. ஆனா அந்த ராணி அட்டையை எடுத்துடுங்க. நாலு வருஷம் என் கண்ணு போச்சு, அவ கண்ணு போகல."

அவர் அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே என்ன எழுதினார்களோ, எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் யாரும் பாடவில்லை. நான் லாச்சுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. என் வாய்! அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"ஊர் சொன்னதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. தேவ்ஷி கேட்டாரு. ஒவ்வொரு வருஷமும் மந்தையோட போறப்ப, நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்ப கேப்பாரு. 'என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடு லாச்சு, நான் கோவிச்சுக்க மாட்டேன்'னு. நல்ல மனுஷன். அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கடைசி வரைக்கும் நம்பாமயே போய்ச் சேர்ந்தாரு. அவருக்கு இப்ப யாரு போய்ச் சொல்றது? உன் புருஷன் போவானா?"

ஊர் வந்தபோது வெயில் தாழவில்லை. வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து சோப்பைப் போட்டுத் தண்டையை இழுத்தேன். முப்பத்தி நாலு வருஷச் சதை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. வரட்டும் என்று இழுத்துக் கழற்றினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்குப் போனேன். அங்கே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சாசரில் டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் நாங்கள் முகத்தை மறைத்துக்கொண்டு ஓரமாகப் போவதுதான் வழக்கம். நான் முக்காட்டை இழுத்துவிடவில்லை. தண்டையை அவர் சாசரிலேயே வீசினேன். டீ அவர் வேட்டியெல்லாம் தெறித்தது.

"ராயாசர் அரண்மனையில உன் கைநாட்டைப் படிச்சுக் காட்டினாங்க. எந்திரி" என்றேன். அவரை நான் வாழ்நாளில் 'நீ' என்று சொன்னதில்லை.

வாகா என் காலைப் பார்த்தார், தண்டையைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "உனக்காகத்தான்டி செஞ்சேன். நீதானே நச்சரிச்சே."

"ஆமா, நச்சரிச்சேன். வெள்ளி கேட்டேன். அவ தலையில திருட்டுப் பழியைப் போட்டுட்டு வாங்கிட்டு வான்னு கேட்டேனா? அவ விளக்கைத் தூக்கிச் சத்தியம் பண்ணப்ப நீ அங்கதானே நின்னே? பஞ்சாயத்துல எந்திரிச்சு நின்னு பேசுனியே, அந்த நாக்கு எப்படிய்யா புரண்டுச்சு?"

ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். "விடும்மா, பழைய கதை. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ள பேசிக்குங்க" என்றார்.

"அவளை வெளிய உக்கார வெச்சது வீட்டுக்குள்ளயா? இதே முற்றத்துல, இதே ஆளுங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க? எந்த விளக்கை அவ கையில குடுத்தீங்களோ, அதை இப்ப இவர் கையில குடுங்க. இல்லேன்னா இந்த எடத்தை விட்டு நான் நகர மாட்டேன்."

என் பின்னால் தெருப் பெண்கள் வந்து நின்றார்கள். லாச்சு எல்லோருக்கும் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றாள். விளக்கை ஏற்றிக் கொடுத்தார்கள். வாகா தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள் லாச்சு.

கொஞ்சம் பலமாகச் சொன்னார்.

"கேக்கல. பஞ்சாயத்துல பேசின சத்தத்துல பேசுங்க."

மூன்றாம் தரம் சொன்னார். "பையை எடுத்தது நான். வித்தது நான். லாச்சு எடுக்கல." சுவரில் இருந்த பல்லிக்குக்கூடக் கேட்டிருக்கும். லாச்சு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவரை நான் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அதற்கப்புறம் சேர்த்தேன், சோறும் போடுகிறேன், பேசுவதில்லை.

கோகுலாஷ்டமி அன்று ஹீருவின் சீரைக் கட்டத் தெருப் பெண்கள் எல்லோரும் லாச்சுவின் வீட்டுக்குள் கூடினார்கள். நான் உள்ளே போகவில்லை. ஆட்டுப் பட்டியின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்கிறேனாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனதின் ஒரு மூலையில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அவள் வெளியே வருவாள், என் கையைப் பிடிப்பாள், போனது போகட்டும் அக்கா என்பாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று.

அவள் வெளியே வந்தாள். கையில் மஞ்சள், இடுப்பில் சாவி. என் முன்னால் வந்து நின்றாள்.

"இங்க என்ன பண்றே?"

"எனக்கு உள்ள வர்ற தகுதி இல்லடி. இனிமே நான் இங்கதான்."

"எந்திரி. அது என் எடம்" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் உள்ளே பாட்டு நின்றுவிட்டது. "என் ரெண்டு பொண்ணுங்க போனப்ப நான் உக்காந்த எடம். அதை உனக்குத் தர மாட்டேன். நீ ஒரு மணி நேரம் இங்க உக்காந்து அழுதுட்டு, ஊர் உன்னைப் பாத்து 'அய்யோ பாவம் சஜ்னு'ன்னு சொல்றதுக்கா? அந்தச் சுகம் வேற உனக்கு வேணுமா? உள்ள வா. எல்லாருக்கும் நடுவுல உக்காரு. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வேலை செய்."

எழுந்து போனேன். வேறு என்ன செய்வேன்? ஹீருவின் சீரை ஒவ்வொன்றாக லாச்சு தன் கையால் அடுக்கினாள். எல்லாம் இந்தக் காலத்துக் கடைத்துணி, மிஷின் ஜரிகை. பை நிறைந்ததும் அதன் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். கயிற்றைச் சுற்றி, பல்லைக் கடித்து இழுத்து, தாய் போடுகிற முடிச்சை அவள் போட்டாள். "இன்னும் இறுக்கிப் பிடி, சஜ்னு" என்றாள். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த அரண்மனையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அவள் ஒரு தரம்கூட என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.